தொட்டமாவடியின் மூன்றாம் தொகுதி

கறுப்புக் கல்லைத் தின்று வெள்ளைக் கல்லாக மாற்றும் நுண்ணுயிருக்கு ஆய்வகம் வைத்த பெயர் நீளமானது. தொட்டமாவடியில் அதைக் கல்லெறும்பு என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

வேலை எளிமையானதுதான். உலகம் நூற்றைம்பது ஆண்டுகளாகப் புகைத்துத் தள்ளிய கரிக்காற்றைத் தண்ணீரில் கரைத்து, கல்லெறும்போடு சேர்த்து, பழைய எரிமலைப் பாறைக்குள் இறக்குவார்கள். காற்று கல்லாகிவிடும். திரும்பி வராது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மலைகளில் அந்தப் பாறை ஏராளம். இருநூற்றெழுபது கோடி ஆண்டுகளுக்கு முன் குழம்பாக ஓடி உறைந்து, பிறகு பூமிக்குள் போய் வெந்து, மடிந்து, நசுங்கி, மெல்ல மேலே வந்த பாறை.

அதில் இரண்டு தொகுதிகள் இருந்தன. ஒன்று கல்லெறும்புக்கு ஏற்றது. இன்னொன்று ஆகாது. எது எங்கே இருக்கிறது என்று கோடு போட்டுக் கொடுப்பது என் வேலை. ஏற்ற இடத்துக்குப் பச்சை. ஆகாத இடத்துக்குச் சிவப்பு.

தொட்டமாவடிக்குச் சிவப்பு போட்டிருந்தேன்.

அந்த ஊரில் நூற்று நாற்பது வீடுகள், சுற்றிலும் மாந்தோப்புகள். நூலக அறையின் பின்பக்கம் எனக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஐந்து வாரம் தங்கியிருந்தேன். விடியும்போது கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவேன். துணைக்கு ஆறு தட்டான்கள். தட்டான் என்றால் உள்ளங்கை அளவுப் பறக்கும் கருவி. ஆறுக்கும் ஒரே மூளை, ஒரே குரல். அது என் காதுக்குள் பேசும். மனிதர்களோடு பேசுவதைவிட அதனோடு பேசுவது எனக்குச் சுலபம். பாறையோடு அதைவிடச் சுலபம். பாறையிடம் நலம் விசாரிக்க வேண்டியதில்லை.

என்னை விடாமல் பேச வைத்தவர் மாதம்மாள் அக்கா ஒருவர்தான். மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுபவர். ஐம்பது வயது இருக்கும். ஒரு சாயங்காலம் கூடை நிறையக் கிளிமூக்கு மாம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“ரெண்டு கல்லும் கறுப்பா ஒண்ணு போலத்தானே இருக்குது கண்ணு. இதுல என்னா மேல் தொகுதி, கீழ்த் தொகுதி?”

“மேல இருந்து பார்த்தா தட்டானுக்கே தெரியாதுக்கா. உடைச்சு, ஈரமாக்கி, லென்ஸ் வச்சுப் பார்க்கணும். ரெண்டுலயும் காத்துக்குமிழி இருந்த இடம் இருக்கும். மேல் தொகுதியில அது இட்லி மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு. கீழ்த் தொகுதி அதைவிடப் பழசு. அதுல ஓட்டையெல்லாம் எப்பவோ அடைஞ்சு, ரெண்டு தடவை மடிஞ்சு, அவலா நசுங்கிடுச்சு.”

“இருக்கட்டுமே. அதுக்கு?”

“கல்லெறும்பு தின்ன தின்னக் கல்லு பருக்கும். இட்லியில இடம் இருக்கு. பருத்தாலும் உள்ளயே அடங்கிடும். அவல்ல இடம் இல்ல. மேல தூக்கும்.”

“எவ்ளோ தூக்கும்?”

“சில இடத்துல ஆள் உயரம். சில இடத்துல ஒண்ணும் இருக்காது.”

அவர் ஒரு பழத்தைக் கையில் எடுத்து உருட்டினார். ஒரு பக்கம் ஆள் உயரம் எழும்பி மறுபக்கம் அசையாமல் நிற்கும் வீட்டை மனசுக்குள் பார்த்திருக்க வேண்டும்.

“எங்க ஊருக்குக் கீழ அவலா?”

“அவலும் இட்லியும் கலந்து கிடக்குக்கா. கொஞ்சம் அவல் இருந்தாக்கூடச் சிவப்புதான். பக்கத்து மலையில இறக்கினா பாறை வழியா இங்கயும் வந்துடும். அதுக்குள்ள ஊரை மாத்தணும்.”

“இந்த மேப்புல நீ எப்ப கையெழுத்து போடப்போறே?”

“வெள்ளிக்கிழமை. கிராமசபையில விளக்கிச் சொல்லிட்டுப் போடணும்.”

மாதம்மாள் அக்கா பழத்தைக் கூடையில் திரும்ப வைத்தார். அவருடைய மகன் பசவராஜுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் ஊர் கடலோரம் இருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் கடல் அதை எடுத்துக்கொண்டது. இப்போது அந்தக் குடும்பம் தஞ்சாவூர் அருகே முகாமில் இருந்தது. தொட்டமாவடியும் நகரப் போகிறது என்ற பேச்சு எழுந்ததும் நிச்சயதார்த்தத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

“அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது,” என்றார் அக்கா. “ஒரு ஊரைக் கடல்ல விட்டுட்டு வந்த புள்ள. எறும்பு தின்னப்போற ஊருக்கு எப்படி அனுப்புவாங்க? நீ பழத்தைச் சாப்பிடு. சிவப்பு போட்டதுக்காக உன்மேல எனக்குக் கோவம் இல்ல. கல்லு என்ன சொல்லுதோ அதைத்தானே நீ எழுதுவே.”

கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஊரின் அடியில் பாறை எங்கும் ஆழத்தில்தான் இருந்தது. மேலே செம்மண். பாறை வெளியே தலைகாட்டிய இடங்கள் இருபத்தேழு. தோப்பு ஓரங்களில் முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் பதினாறு அவல், பதினொன்று இட்லி. இரண்டும் மாறி மாறி வந்தன. ஒவ்வொன்றும் வேறு வேறு திசையைப் பார்த்து நின்றது. முதல் வாரமே தட்டான் சொன்னது: “இருபத்தேழு இடங்கள் சுற்றியுள்ள பாறையோடு பொருந்தவில்லை.”

நான் பொருத்தினேன். நான்கு நாள் உட்கார்ந்து புள்ளிகளை இணைத்தேன். இரண்டு தொகுதிகளும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, அந்த மடிப்பே இன்னொரு முறை மடிந்து, கடைசியில் மாங்காய் வடிவத்தில் ஓர் அழகான சுழி வந்தது. இருபத்தேழு புள்ளிகளில் ஒன்றுகூட வெளியே நிற்கவில்லை. வரைபடத்தைப் பார்த்துவிட்டு, சென்னையிலிருந்து என் மேலதிகாரி எபநேசர் சார் போனில் கூப்பிட்டார். அவர் அதிகம் பாராட்டுகிறவர் இல்லை. “தொட்டமாவடி மடிப்புன்னு பேர் வைக்கலாம்மா. உன் பேர்ல கட்டுரை வரணும்,” என்றார். அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக் கூடத்தில் கிராமசபை. ஊர்த் தலைவர் திம்மராயன் மைக்கை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். சுவர் முழுக்க என் வரைபடம். சிவப்பு, பச்சை, நடுவில் மாங்காய்ச் சுழி. மேலே கறுப்புப் புள்ளிகள்.

கூட்டத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினேன். மடிப்பைப் பற்றிச் சொன்னேன். பாறை அழுத்தத்தில் துணிபோல மடியும் என்றேன். பின்னால் பெண்கள் பக்கம் சலசலப்பு எழுந்தது. அழுகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்த வளைவுல இருக்கிறது நம்ம சாக்கம்மா இல்ல?”

“ஆமா. பக்கத்துல பாரு, அவ ஓரகத்தி. ரெண்டு பேரும் ஒரே மடிப்புல.”

“ஜென்மத்துக்கும் பேசிக்க மாட்டாளுங்க. மேப்புல சேர்த்துட்டாங்க.”

திம்மராயன் எழுந்தார். “என்னாங்கம்மா அங்க சிரிப்பு? மேடம் பேசறாங்கல்ல.”

மாதம்மாள் அக்கா எழுந்து நின்றார். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, சுவரில் ஒரு புள்ளியைக் காட்டினார். “கண்ணு, அந்தப் பதினாலாம் நம்பர். அது என்னா?”

“அது கீழ்த் தொகுதிப் பாறைக்கா. வெளியே தெரியுற பகுதி.”

“அது நானு.”

கூடம் முழுக்கச் சிரித்தது. எனக்குப் புரியவில்லை. அவர்தான் சொன்னார். இங்கே பெரும்பாலும் உள்ளூரிலேயே பெண் எடுப்பார்கள்; அபூர்வமாக வெளியூரிலிருந்து வாழ வரும் பெண், பிறந்த ஊரிலிருந்து ஒரு கல் கொண்டுவருவாள். தாய்மாமன் சுமந்து வரவேண்டும். ஆளுயரக் கல் என்பதால் அந்தக் காலத்தில் மாட்டுவண்டி, இப்போது டிராக்டர். புருஷன் தன் தோப்பு மூலையில் குழி வெட்டி, இடுப்பளவுக்கும் அதிகமாக மண்ணுக்குள் போகும்படி நடுவான். அதன்பின் அவள் இந்த ஊர்க்காரி.

“நான் காளிகரடு. சாக்கம்மா பெரியகுட்டை. அதோ, அந்த ஓரத்துல இருக்கிறது எங்க மாமியார். அவங்க செத்தும் கல்லு நிக்குது. இருபத்தேழும் மருமகளுங்கதான்.”

“ஏங்க்கா இதை முன்னாடியே சொல்லல?”

“உனக்குத் தெரியும்னு நெனச்சோம். தினமும் விடிகாலையில ஒவ்வொரு கல்லுக்கும் தண்ணி ஊத்தி, குனிஞ்சு, மூஞ்சி வச்சுட்டுப் போனே. பட்டணத்துப் புள்ளைக்கு எவ்ளோ மரியாதைன்னு பேசிக்கிட்டோம்.”

லென்ஸ் வைத்துப் பார்ப்பதற்குக் கல்லை நனைக்க வேண்டும். கண்ணை ஒட்டி வைத்துக் குனிய வேண்டும். தூரத்திலிருந்து அது எப்படித் தெரியும் என்று நான் யோசித்ததில்லை.

“என் கல்லுல காதோரம் ஒரு சில்லு பேர்ந்திருந்துச்சு, அதுவும் நீதானா?” என்றார் சாக்கம்மா.

“ஆமாங்கக்கா.”

“அதான் ரெண்டு வாரமா எனக்குக் காது வலி.”

மறுபடி சிரிப்பு. நான் சுவரைப் பார்த்தேன். மாங்காய்ச் சுழி அங்கேயே இருந்தது. பாறை மடியவில்லை. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பெண்கள் வந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். ஐந்து வாரத்தில் யாரிடமாவது ‘இந்தக் கல் எங்கிருந்து வந்தது’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

“இந்த வரைபடம் தப்பு,” என்றேன். மைக் வேலை செய்தது. எனக்கே கேட்டது. “நான் கையெழுத்து போடல.”

யாரும் கைதட்டவில்லை. திம்மராயன் மெதுவாகக் கேட்டார். “அப்ப எங்க ஊரு பச்சையா மேடம்?”

“தெரியாதுங்க. உங்க ஊர்ப் பாறையை நான் இன்னும் பார்க்கவே இல்ல. அது அவலாவும் இருக்கலாம்.”

சிரிப்பு நின்றது.

எபநேசர் சாரைக் கூப்பிட்டேன். முழுவதையும் கேட்டார்.

“மடிப்பு போச்சா?”

“போச்சு சார்.”

“நானும் ஏமாந்திருக்கேன், பார்த்தியா. சரி. சிவப்பு போட்ட இடத்துல துளைக் கருவி இறக்க அனுமதி கிடையாது. பாறைக்குள்ள போட்ட துளை வழியா எறும்பு மேல ஏறிடும். ஆளுங்க மண்வெட்டியில பாறை வரைக்கும் மண்ணை மட்டும் வெட்டினா பரவாயில்ல. ஆனா பாறைன்னு பதிவான இருபத்தேழையும் ஊர் வாய்ச்சொல்லை வச்சு நீக்க முடியாதும்மா. ஒரு கல்லோட அடியைக் காட்டு. அடியில மண் இருக்கணும். அதே குழியில இறங்கி, நிஜப் பாறை எதுன்னும் காட்டு. மடிப்பு இல்லன்னா ஊருக்குக் கீழ ஒரே தொகுதிதான், ஒரு குழி போதும். திங்கட்கிழமைக்குள்ள.”

“மத்த இருபத்தாறு?”

“ஒண்ணைக் காட்டினா மத்ததுக்கு நான் பொறுப்பு.”

திம்மராயனிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. “கல்லைப் புடுங்கறதா? பொண்ணு உசிரோட இருக்கிறப்போ கல்லை எடுத்தா, அவளைத் தொரத்திவிட்டதா அர்த்தம் மேடம். செத்தவங்க கல்லைத் தொடவே கூடாது. எந்த வீட்ல ஒத்துக்குவாங்க?”

எந்த வீட்டிலும் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை அப்படியே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை மாதம்மாள் அக்கா கடப்பாரையோடு நூலகத்துக்கு வந்தார். பின்னால் அவர் கணவர் சின்னப்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

“என்னோடதை எடு கண்ணு. எப்படியும் அது முப்பது வருசமா சாஞ்சுதான் நிக்குது. நட்டவர் அன்னிக்குக் குடிச்சிருந்தாரு.”

“நான் குடிக்கல,” என்றார் சின்னப்பன். “குழி சரியில்ல.”

“குழியை வெட்டினது யாரு?”

சின்னப்பன் வானத்தைப் பார்த்தார்.

“ஊர்ல ஏதாவது சொல்வாங்களேக்கா,” என்றேன்.

“கல்லை எடுத்தா நான் போயிடுவேனா? ஊரே போனாத்தான் நான் போவேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்க. பொழுது சாயறதுக்குள்ள கல்லு திரும்பக் குழியில இருக்கணும். அதுக்கப்புறமும் வெளியில கிடந்துச்சுன்னா, இந்த ஆளு என்னை அனுப்பிட்டதா ஆயிடும். அந்தச் சந்தோசத்தை இவருக்குக் குடுக்க மாட்டேன்.”

ஒன்பது மணிக்குத் தொடங்கினார்கள். பசவராஜும் கூட்டாளிகளும் சுற்றி வெட்டினார்கள். கல் ஆடத் தொடங்கியது. கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். அடி தெரிந்தது. உடைத்துச் செதுக்கிய அடி. அதன் கீழே செம்மண், மண்ணில் ஒரு கண்ணாடி வளையல் துண்டு. தட்டான் மூன்று முறை சுற்றிப் படம் எடுத்தது. “இது தரையோடு சேர்ந்த பாறை அல்ல,” என்றது.

“இதைக் கண்டுபிடிக்க இவ்ளோ நாளா?” என்றேன்.

“முதல் வாரமே பொருந்தவில்லை என்றேன்,” என்றது தட்டான்.

குழி இறங்கியது. இடுப்பளவு, ஆளளவு, ஒன்றரை ஆள். ஊர் முழுக்கத் தோப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. சாக்கம்மாவும் ஓரகத்தியும் மோர்க்குடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். மணி மூன்று. வெறும் செம்மண். நான்கு. மண்ணின் நிறம் மாறியது. வெயில் மாமரங்களின் மேல் பாதிக்குப் போனபோது கடப்பாரை நங்கென்றது.

ஏணியில் இறங்கினேன். சுத்தியலால் ஒரு துண்டு உடைத்தேன். மேலிருந்து யாரோ தண்ணீர்ச் சொம்பைக் கயிற்றில் இறக்கினார்கள். நனைத்தேன். லென்ஸை வைத்து ஒரு முறை பார்த்தேன். ஒரு மடிப்புக்காக நான் நூற்று நாற்பது வீடுகளைச் சிவப்பாக்கியவள். இப்போது இட்லி வேண்டும் என்று ஆசைப்பட்டால் இட்லிதான் தெரியும். கண்ணை மூடித் திறந்து, துண்டை முழங்காலில் வைத்து, மறுபடி பார்த்தேன். நம்பிக்கை வராமல் இன்னும் மூன்று இடத்தில் உடைத்தேன்.

பிறகு துண்டை மேலே எறிந்தேன். மாதம்மாள் அக்கா பிடித்தார். விரலால் தடவினார். அவருக்கு லென்ஸ் தேவைப்படவில்லை.

“ஓட்டையா இருக்குது,” என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “இட்லிதான்.”

அதற்குப் பிறகு குழியை மூடுவதற்கு ஆள் தள்ளுமுள்ளு. கல்லை நிமிர்த்தும்போது நான் காம்பஸில் இருந்த சாய்வுமானியை வைத்துச் செங்குத்தாக நிற்க உதவினேன். அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“கொஞ்சம் சாய்ச்சே வை கண்ணு. நேரா நின்னா யாரோ மாதிரி இருக்குது.”

சின்னப்பன் தன் கையாலேயே சாய்த்தார். சூரியன் மலைக்குப் பின்னால் போக இன்னும் கால் மணி இருந்தது.

புதிய வரைபடத்தில் தொட்டமாவடி முழுவதும் பச்சை. மாங்காய்ச் சுழி இல்லை. கட்டுரையும் இல்லை. “வருத்தமா இருக்காம்மா?” என்று எபநேசர் சார் கேட்டார். “கொஞ்சம் சார்,” என்றேன். அது உண்மை. ஆனால் அந்த இருபத்தேழு புள்ளிகளை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. விளக்கப் பட்டியலில் கீழ்த் தொகுதி, மேல் தொகுதி என்று இரண்டு வரிகள் இருந்தன. அடியில் மஞ்சள் நிறத்தில் மூன்றாவது வரியைச் சேர்த்தேன். ‘வந்த கற்கள்: 27.’ ஒவ்வொன்றின் எதிரிலும் பெயரும் பிறந்த ஊரும். அவற்றைக் கேட்டு எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. எல்லா வீட்டிலும் உட்கார வைத்துவிட்டார்கள். சார் அந்த வரியைப் பார்த்தார். என் கையெழுத்துக்குக் கீழே கையெழுத்திட்டார்.

தை மாதம் பசவராஜுக்குத் திருமணம். போயிருந்தேன். பெண்ணின் பெயர் அமுதவல்லி. அவளும் அதிகம் பேசவில்லை, எனக்குப் பிடித்துவிட்டது. மறுநாள் காலை தோப்பு மூலையில் குழி தயாராக இருந்தது. தாய்மாமன் வந்தார். டிராக்டர் இல்லை, கல்லும் இல்லை. கையில் ஒரு பிஸ்கட் டப்பா.

“எங்க ஊர்ல கல்லே கிடையாதுங்க,” என்றார். “வயக்காடுதான். ஊரை விட்டு வர்ற அன்னிக்கு இவ கொல்லையில ஒரு கை மண்ணு அள்ளி வச்சிருந்தா. அந்த ஊர்ல மிச்சம் இதுதான்.”

டப்பாவுக்குள் காய்ந்து வெடித்த சாம்பல் நிறக் களிமண் கட்டி. ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. அமுதவல்லி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூடியிருந்த மருமகள்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கல் விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் நான் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள்.

தட்டானை இறக்கினேன். அது டப்பாவின் மேல் நின்று பார்த்தது.

“வண்டல். பாறை அல்ல,” என்றது. நல்லவேளை, என் காதுக்குள் மட்டும்.

நான் வரைபடத்தைத் திறந்தேன். மூன்றாவது வரியில் 27 என்பதை 28 ஆக்கினேன். பெயரும் ஊரும் எழுதினேன். அந்த ஊர் இப்போது எந்த வரைபடத்திலும் இல்லை என்பதால் எழுத்துக்கூட்டி அவளிடமே கேட்டுக்கொண்டேன். பிறகு திரையை எல்லோருக்கும் காட்டினேன்.

“களிமண்ணும் கல்லாகும்க்கா,” என்றேன் மாதம்மாள் அக்காவிடம். “மண்ணுக்குள்ள இருந்தா போதும். ஆனா நாளாகும்.”

“எவ்ளோ நாளு?”

“ஒரு பத்துக் கோடி வருசம்.”

மாதம்மாள் அக்கா டப்பாவை வாங்கி மருமகள் கையில் கொடுத்து, அவளைக் குழிப்பக்கம் மெல்லத் தள்ளினார்.

“ஆகட்டும்,” என்றார். “அவ எங்கயும் போகப் போறதில்ல.”